டீஃபாப் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்: உணவுப் பேன்ட்ரிக்குப் புதிதாக வருவோருக்கு

அமெரிக்காவில் தேவாலயத்தின் நிலவறையிலோ, சமூகக் கூடத்திலோ, கோயில் மண்டபத்திலோ இயங்கும் உணவுப் பேன்ட்ரியில் தொண்டு செய்யப் போனால், முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் டீஃபாப். நெருக்கடிக் கால உணவு உதவித் திட்டம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கம் அது. அமெரிக்க வேளாண்மைத் துறை உழவர்களிடமிருந்தும் பதப்படுத்தும் ஆலைகளிடமிருந்தும் உணவுப்பொருளை வாங்குகிறது. மாநில அரசுகளும், பல பேன்ட்ரிகளுக்குச் சரக்கைச் சேர்த்துவைத்து அனுப்பும் பெரிய கிடங்கு அமைப்புகளான உணவு வங்கிகளும் அதைப் பேன்ட்ரிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பேன்ட்ரி அதை இல்லாதவர்கள் கையில் இலவசமாகக் கொடுக்கிறது.

நம் ஊர் ரேஷன் கடையை நினைத்துக்கொண்டு உள்ளே வந்தால் குழப்பம்தான். இங்கே அட்டை கிடையாது. மாதம் இத்தனை கிலோ என்ற உறுதி கிடையாது. போன மாதம் வந்த சரக்கு இந்த மாதம் வராமல் போகலாம், கேட்காத ஒன்று பேலட் பேலட்டாக வந்து நிற்கலாம். சரக்கு பண்ணையின் கணக்கில் வருகிறது, பசி வீட்டின் கணக்கில் வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் உங்கள் பேன்ட்ரி. கீழே சொல்லியிருக்கும் வேலைகள் எல்லாம் இந்த ஒன்றைச் சமாளிக்கத்தான்.

சரக்கு எங்கிருந்து வருகிறது

1977ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் பாலுக்கான ஆதார விலையை உயர்த்தியது. பால் பெருகியது. விற்காத பாலை அரசு பாலாடைக்கட்டியாகவும் வெண்ணெயாகவும் பால்பவுடராகவும் வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியது. 1981 டிசம்பரில் அதிபர் ரீகன் 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு விடுவிக்க உத்தரவிட்டார். 5 பவுண்டுக் கட்டிகளாக அது ஊரெங்கும் போனது. 1983இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் உபரி கரைந்துவிட்டது, வரிசை கரையவில்லை. அதனால் 1988இன் சட்டம், உபரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்திட்டத்துக்காகப் பணம் கொடுத்து உணவு வாங்கச் சொன்னது. திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் முதலில் 'தற்காலிக' (Temporary) என்ற சொல் இருந்தது. 1990இல் அதை எடுத்துவிட்டு 'The' என்று வைத்தார்கள். அந்தச் சொல்லின் முதலெழுத்தும் அதன் இடத்தில் வந்த சொல்லின் முதலெழுத்தும் ஒன்றே என்பதால் சுருக்கப்பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

அமெரிக்க உபரி தமிழர்களுக்குப் புதிதல்ல. 1960களில் மெட்ராஸ் மாநிலப் பள்ளி மதிய உணவுக்கு கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு வழியாக வந்த பால்பவுடரும் எண்ணெயும் இதே ஊற்றின் இன்னொரு கால்வாய்.

இன்றைய சரக்கு இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. முதலாவது உரிமைச் சரக்கு. நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோர் எண்ணிக்கைக்கு 60 விழுக்காடும் வேலையில்லாதோர் எண்ணிக்கைக்கு 40 விழுக்காடும் எடை கொடுத்து அந்தப் பங்கைக் கணக்கிடுகிறார்கள். மாநிலம் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போடும். ஆர்டருக்கும் வரவுக்கும் இடையில் பல மாதம் ஓடிவிடும்.

இரண்டாவது போனஸ் சரக்கு. ஏதோ ஒரு விளைபொருளின் விலை சரியும்போது சந்தையைத் தாங்க வேளாண்மைத் துறை அதை வாங்குகிறது. அதற்கான பணத்தில் பெரும் பகுதி 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவிலிருந்து வருகிறது. சுங்க வரி வருமானத்தில் 30 விழுக்காட்டை அந்தப் பிரிவு இதற்கெனத் தனியே எடுத்து வைக்கிறது. 1933இல் தொடங்கிய பண்டக் கடன் கழகம் இன்னொரு பணப்பை. எது வரும், எப்போது வரும் என்பதைப் போனஸ் சரக்கில் தீர்மானிப்பது சந்தை.

இதன் ஏற்ற இறக்கத்துக்கு அண்மைக் காலமே சாட்சி. 2018இல் சீனாவுடனான வரிச் சண்டையில் ஏற்றுமதி தடைபட்டபோது, துறை 120 கோடி டாலர் அளவுக்குப் பன்றி இறைச்சி, பழம், பால்பொருள் முதலானவற்றை வாங்கப்போவதாக அறிவித்தது. உணவு வங்கிகளின் குளிர்கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2025 வசந்தத்தில் பண்டக் கடன் கழகப் பணத்தில் வரவிருந்த ஏறக்குறைய 50 கோடி டாலர் சரக்கு நிறுத்தப்பட்டது. ஏழே ஆண்டுக்குள் ஒரு வெள்ளம், ஒரு வறட்சி. டீஃபாப்பை மட்டும் நம்பி அலமாரியை நிரப்பத் திட்டமிடாதீர்கள். கடைகள் தரும் நன்கொடை, சொந்தமாக வாங்குவது, டீஃபாப் என மூன்று கால்களும் இருந்தால்தான் பேன்ட்ரி நிற்கும்.

சேர்வதற்கு என்ன வேண்டும்

வேளாண்மைத் துறையிடம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்றது) எந்த உணவு வங்கி பொறுப்பு என்று பார்த்து, அதன் பங்காளி அமைப்பாகச் சேர வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புக்கான வரிவிலக்குத் தகுதி அல்லது வழிபாட்டு நிறுவனம் என்ற தகுதி, பூட்டக்கூடிய கிடங்கு, குறித்த நாளில் தவறாமல் திறக்கும் வழக்கம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நேரில் வந்து ஒருமுறை ஆய்வு செய்வார்கள். அதன்பின் உணவு வங்கியுடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வேண்டாத பொருளை மறுக்கலாமா? சரக்கைக் கொண்டுவந்து தருவீர்களா, நாங்கள் வந்து எடுக்க வேண்டுமா? ஃப்ரீசர் இல்லாவிட்டால் என்ன தருவீர்கள்? கோயில் சார்பில் நடத்துபவர்களுக்கு முதல் கேள்வி முக்கியம். கோழியையும் பன்றி இறைச்சியையும் வளாகத்துக்குள் கொண்டுவர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருகிறவர்களில் பலர் இறைச்சி சாப்பிடுபவர்கள், இறைச்சிதான் அவர்களால் கடையில் வாங்க முடியாத பொருள். ஆகவே பக்கத்தில் இறைச்சி தரும் பேன்ட்ரியின் முகவரியையும் நேரத்தையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

சமைத்துப் பரிமாறும் சூப் கிச்சனுக்கு விதி எளிது. உண்பவர்களில் பெரும்பாலோர் தேவையுள்ளவர்கள் என்று அமைப்பு காட்டினால் போதும், தனி ஆளின் வருமானத்தை விசாரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்கும் பேன்ட்ரிக்குத்தான் கீழே சொல்லும் பதிவு வேலை.

சரக்கு இறங்கும் நாள்

பிழை நடந்தால் பிறகு திருத்தவே முடியாத நாள் இது. இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்: ஒருவர் எண்ண, ஒருவர் எழுத.

உணவு வங்கி தரும் சீட்டில் டீஃபாப் பொருள்களும் நன்கொடைப் பொருள்களும் கலந்தே இருக்கும். டீஃபாப் வரிகளை முதலில் வண்ணப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டிகளை எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை ஒரு பெட்டியையும் பிரிக்கக் கூடாது. 'சும்மா ஒன்று திறந்து பார்ப்போம்' என்று தொடங்கும் இடத்தில்தான் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும். வழக்கமாக டப்பாக் காய்கறி ஒரு பெட்டிக்கு 24, உலர்ந்த பீன்ஸ் 2 பவுண்டுப் பையாக 12 என்று வரும். ஆனாலும் பெட்டியில் அச்சிட்டதைப் பார்த்தே எழுதுங்கள்.

சீட்டில் 60 என்றிருந்து கையில் 58 இருந்தால், ஓட்டுநர் நிற்கும்போதே சீட்டில் 58 என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். உடைந்தது, நசுங்கியது, நனைந்தது எதுவானாலும் அப்படியே. வண்டி போனபின் தொலைபேசியில் சொன்னால், காணாமல் போன இரண்டு பெட்டிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உறைந்த பொருளுக்கு வெப்பமானி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். பொட்டலத்தைக் குத்தக் கூடாது. தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி வெப்பமானி மேற்பரப்பைத்தான் சொல்லும், உள்ளே இளகியிருந்தாலும் அதற்குத் தெரியாது. பெட்டியின் அடியில் பனி உறைந்து தேங்கியிருந்தால் வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். குளிர்பொருள் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 4 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம்.

சொந்த வண்டியில் எடுக்கப் போகிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். 24 டப்பாப் பெட்டிகள் 60 என்றால் ஏறக்குறைய 1,600 பவுண்டு. ஒரு மினிவேனின் தாங்கும் எடையை அது தாண்டிவிடும். இரண்டு நடையாகப் போங்கள். உறைந்ததற்கு வெப்பக்காப்புப் போர்வையும் ஐஸ்பெட்டியும் எடுத்துச் செல்லுங்கள். உறைந்த சரக்கை ஏற்றியபின் வேறு எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கின் அடையாள எண். பெட்டியின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அந்த எண்ணைக் கைபேசியில் படமெடுத்து, வரவுத் தேதியோடு ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். ஒரு பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், அலமாரியில் இருப்பது அந்த லாட்தானா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எண் இல்லாவிட்டால் நல்ல சரக்கையும் சேர்த்துக் கொட்ட வேண்டிவரும்.

அடுக்குவது

தரையிலிருந்து 6 அங்குலம் உயரம், சுவரிலிருந்து 4 அங்குலம் இடைவெளி. எலி நடமாட்டம் தெரியவும் காற்று ஓடவும் அந்த இடைவெளி வேண்டும். உலர் சரக்கறை 50 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் (10 முதல் 21 செல்சியஸ்), குளிர்பெட்டி 40க்குக் கீழே, ஃப்ரீசர் 0 டிகிரி (கழித்தல் 18 செல்சியஸ்) அல்லது அதற்கும் கீழே. கதவிலேயே ஒரு தாளை ஒட்டி, திறக்கும் ஒவ்வொரு நாளும் அளவை எழுதிப் பெயரின் முதலெழுத்தை இடுங்கள். ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். மாதம் முழுவதும் ஒரே பேனாவில் ஒரே எண் எழுதியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

டீஃபாப் சரக்குக்குத் தனி அலமாரி, தனிப் பலகை. நன்கொடையாக வந்த பட்டாணி டப்பாவும் டீஃபாப் பட்டாணி டப்பாவும் ஒரே தட்டில் கலந்துவிட்டால் ஆண்டு இருப்பெடுப்பில் மோதும். முதலில் கெடுவது முதலில் வெளியே என்பது அடுக்கும் முறை. முதலில் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள், போன வாரம் வந்த பால் போன மாதம் வந்த பாலைவிட முன்னதாகத் தேதி முடியலாம். 'இதற்குள் பயன்படுத்தினால் சிறப்பு' என்ற தேதி பெரும்பாலும் தரத்தைக் குறிப்பது, அந்த நாளில் டப்பா நஞ்சாகிவிடாது. ஆனாலும் தேதி கடந்த டீஃபாப் பொருளைக் கொடுப்பதற்கு முன் உணவு வங்கியின் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பிய டப்பா, கசியும் டப்பா, மூட்டுப்பகுதியில் நசுங்கிய டப்பா இவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது

பந்தியில் கடைசி இலைக்கும் பாயசம் எட்ட வேண்டுமென்றால், கரண்டி பிடிப்பவருக்கு முதல் இலையிலேயே அளவு தெரிய வேண்டும். பேன்ட்ரியில் அளவு என்பது ஒரு எளிய வகுத்தல்.

மாதம் 180 குடும்பம் வருகிறது என்று கொள்வோம். ஒருவர் இருவராக இருப்பவை 70, மூவர் நால்வர் 75, ஐந்தும் அதற்கு மேலும் 35. பச்சை பீன்ஸ் டப்பா 60 பெட்டி வந்திருக்கிறது, 24 வீதம் 1,440 டப்பா. சிறு குடும்பத்துக்கு 2, நடுத்தரத்துக்கு 4, பெரியதற்கு 6 கொடுத்தால் மாதத்துக்கு 140, 300, 210 ஆக மொத்தம் 650 செலவாகும். அந்த வேகத்தில் இரண்டு மாதம் ஓடி 140 மிஞ்சும். குடும்பங்கள் பத்து விழுக்காடு கூடினாலும் மாதம் 65 டப்பாதான் கூடுதல் செலவு, அந்த 140 அதைத் தாங்கும். ஆகவே இந்த அளவு சரி. அதை ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். தொண்டர் ஆளுக்கு ஆள் கணக்கை மாற்றினால் முகம் பார்த்துக் கொடுப்பதாக ஆகிவிடும். பல மாநிலங்கள் குடும்ப அளவுக்கேற்ற விகித அட்டையைத் தாமே கொடுக்கின்றன. இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பச்சைப் பொருளுக்கு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். 40 பவுண்டு ஆப்பிள் பெட்டி 50 தருகிறோம் என்று உணவு வங்கி அழைக்கும். 2,000 பவுண்டு ஆப்பிள், அதுவும் இலவசம், யாருக்கும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும். பொறுங்கள். அந்த வாரம் வரப்போவது 45 குடும்பம். குடும்பத்துக்கு 44 பவுண்டு. எந்த வீட்டு அடுக்களையும் அதைத் தாங்காது, உங்கள் குளிர்பெட்டியும் தாங்காது. 10 பெட்டி கேளுங்கள்: குடும்பத்துக்கு ஏறக்குறைய 9 பவுண்டு, நான்கு நாளில் தீர்ந்துவிடும். மிச்சத்தை வேறு பேன்ட்ரிக்குத் திருப்பிவிட உணவு வங்கிக்கு நேரமும் கிடைக்கும். கிடைக்கிறதே என்று வாங்கி அழுகவிட்ட பழம், பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் தின்றிருக்க வேண்டிய பழம். மறுக்கத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு திறமை.

வருகிறவர் எடுக்க மறுப்பதும் அவர் உரிமை. வேண்டாத பொருளைப் பைக்குள் திணித்தால் அது குப்பைக்குப் போகும். எதை அதிகம் மறுக்கிறார்கள் என்று குறித்து அடுத்த ஆர்டரில் குறையுங்கள். பெரும்பாலும் சமைக்கத் தெரியாததால் மறுக்கிறார்கள். மொன்டானாவிலும் வடக்கு டகோட்டாவிலும் விளையும் மசூர் வகைப் பருப்பு டீஃபாப்பில் அவ்வப்போது வரும். பல அமெரிக்கக் குடும்பங்கள் அந்தப் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடும். தமிழ்த் தொண்டர்கள் பெரிதாக உதவக்கூடிய இடம் இது. சமையல் குறிப்பு ஒன்றை எழுதிப் பையில் போடுங்கள், விதி அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. பிரஷர் குக்கர் இருக்கும் என்று எண்ணாதீர்கள். 1 கப் பருப்பு, 3 கப் தண்ணீர், ஊறவைக்க வேண்டாம், சாதாரணப் பாத்திரத்தில் 20 முதல் 30 நிமிடம், உப்பு கடைசியில். சிவப்புக் கிட்னி பீன்ஸ் கொடுத்தால் எச்சரிக்கை கட்டாயம்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் மட்டும் போட்டு எடுத்தால் அதிலுள்ள நச்சு போகாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

பதிவு மேசை

இந்த மேசையில் யாரை உட்காரவைக்கிறீர்கள் என்பதில் பேன்ட்ரியின் பெயர் இருக்கிறது. சரசரவென்று எழுதுபவரைவிட முகம் பார்த்துப் பேசுபவரை உட்காரவையுங்கள்.

கூட்டாட்சி விதி கேட்கும் தகவல் மூன்றே: பொருளை வாங்குபவரின் பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த அடிப்படையில் தகுதி. முன்பு முகவரியும் இருந்தது, 2024இன் திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். அதே திருத்தம் வருமான வரம்பையும் ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு மாநிலமும் தன் வரம்பை வறுமை அளவுகோலின் 185 விழுக்காட்டுக்கும் 300 விழுக்காட்டுக்கும் இடையில் வைக்க வேண்டும். 2025இல் நால்வர் குடும்பத்துக்கு அந்த அளவுகோல் ஆண்டு வருமானம் 32,150 டாலர். எனவே மாநிலத்தைப் பொறுத்து நால்வர் குடும்பத்தின் வரம்பு ஏறத்தாழ 59,500 டாலர் முதல் 96,450 டாலர் வரை. அளவுகோல் ஆண்டுதோறும் மாறும். பழைய வருமான வரம்பு அட்டை மேசையில் கிடந்து, தகுதியுள்ளவரைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் புதிய அட்டையை அனுப்பியதும் பழையதைக் கிழித்துவிடுங்கள்.

நடைமுறை இதுதான். அட்டையைக் காட்டி, 'உங்கள் குடும்ப வருமானம் இந்த வரிக்குள் வருகிறதா?' என்று கேளுங்கள். தொகையைச் சொல்லச் சொல்ல வேண்டாம், பின்னால் நிற்பவர் காதில் விழும். ஆம் என்றால் கையெழுத்து. உணவு முத்திரைத் திட்டமான ஸ்னாப் பெறுவோரைப் பல மாநிலங்கள் தானாகவே தகுதியுள்ளவராக ஏற்கின்றன. உங்கள் மாநிலம் கேட்காத சம்பளச் சீட்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் நீங்களாகக் கேட்காதீர்கள். 'பொய் சொன்னால் என்ன செய்வது?' என்று ஒவ்வொரு புதுத் தொண்டரும் கேட்பார். ஒருவர் பொய் சொல்லி நான்கு டப்பா வாங்கிப்போவதைத் தடுக்கத் தாள் கேட்டால், தாள் இல்லாத பத்துப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அந்தப் பத்துப் பேருக்காகத்தான் இந்தச் சரக்கு வாங்கப்பட்டது.

எவ்வளவு காலமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைத் தகுதியாக்கக் கூடாது. நேற்று குடிவந்தவருக்கும் உண்டு. முதியவர், நோயாளி, வேலைநேரம் ஒத்துவராதவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்ப வழி இருக்கட்டும். மாநிலத்தின் பதிலாள் சீட்டை மேசையில் வையுங்கள்.

பணம் எந்த வடிவிலும் கூடாது. உண்டியலைப் பதிவு மேசையில் வைப்பதுகூடத் தவறு. 'விருப்பமிருந்தால் போடுங்கள்' என்று எழுதியிருந்தாலும், பசியோடு நிற்பவர் அதைக் கட்டணம் என்றே படிப்பார். பிரார்த்தனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது, வேலை செய்தால்தான் தருவோம் என்று சொல்லக் கூடாது. கட்சித் துண்டறிக்கை, சங்க விழா அழைப்பு, கோயில் அறிவிப்பு எதையும் பைக்குள் போடக் கூடாது. சமையல் குறிப்பு, அடுத்த விநியோக நாள், பிற உதவித் திட்டங்கள் பற்றிய தகவல் ஆகியவை போகலாம். 'அனைவருக்கும் நீதி' என்ற அரசுச் சுவரொட்டி 11க்கு 17 அங்குல அளவில், வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் தொங்க வேண்டும். அலுவலக அறைக்குள் மாட்டினால் ஆய்வில் குறை எழுதுவார்கள். தொண்டர்களுக்குக் குடிமை உரிமைப் பயிற்சி, அதாவது யாரிடமும் பாகுபாடு காட்டாமல் நடப்பதற்கான பயிற்சி, ஆண்டுக்கு ஒருமுறை, வந்தவர்கள் கையெழுத்தோடு.

தொண்டர்களும் பொருள் வாங்கலாம், தகுதியிருந்தால். மற்றவர்களைப் போலவே பதிந்து, அதே அளவு. வரிசை தொடங்குமுன் நல்லதைப் பொறுக்கி ஒதுக்கிவைப்பது சிறு தவறுபோலத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கணக்கும் ஆய்வும்

நான்கு எண்கள் பொருந்தினால் போதும்: தொடக்க இருப்பு, வரவு, கொடுத்தது, மிச்சம். விநியோகம் முடிந்த அன்றைக்கே எண்ணி எழுதுங்கள், மறுநாளுக்குத் தள்ளினால் ஊகம்தான் எழுதுவீர்கள். பதிவுகளை அந்தக் கூட்டாட்சி நிதியாண்டு முடிந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. எனவே 2025 நவம்பரில் எழுதிய தாள் 2029 செப்டம்பர் 30 வரை இருக்க வேண்டும். ஈரமான நிலவறையில் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்துப் பூஞ்சை பிடிக்கவிட்டவர்கள் பலர், பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள்.

உணவு வங்கி மூலம் சேர்ந்த பேன்ட்ரிகளில் பத்தில் ஒரு பங்கு அல்லது 20, எது குறைவோ அத்தனையை மாநிலம் ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும். உணவு வங்கிகளை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும். முடிந்தவரை விநியோகம் நடக்கும் நேரத்திலேயே வருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வெப்பத் தாள், சுவரொட்டி, வருமான அட்டை, பயிற்சிக் கையெழுத்து, பூட்டு இவை இருந்தால் பாதி ஆய்வு முடிந்தது.

பிசகும்போது

வெள்ளி இரவு மின்சாரம் போய், சனி காலை ஃப்ரீசர் கதவைத் திறந்தால் கோழி இளகிக் கிடக்கிறது. முதலில் வெப்பநிலையை அளந்து நேரத்தோடு எழுதுங்கள், படமெடுங்கள். பெட்டிகளை எண்ணி 'விநியோகிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு உணவு வங்கியை அழையுங்கள். கேட்காமல் குப்பையில் போட்டால் அது அழிவு என்று நிரூபிக்க முடியாது, காணாமல் போன அரசுச் சரக்கு ஆகிவிடும். 40 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாத இறைச்சியை மறுபடி உறையவைத்துக் கொடுப்பது மட்டும் எந்நிலையிலும் வேண்டாம். திருட்டென்றால் காவல்துறையின் புகார் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

மிஞ்சியதைப் பக்கத்துப் பேன்ட்ரிக்கு நல்லெண்ணத்தில் தூக்கிக் கொடுப்பதும் உணவு வங்கியின் அனுமதியும் மாற்றுச் சீட்டும் இல்லாமல் கூடாது. விற்பதோ பண்டமாற்றுச் செய்வதோ கூட்டாட்சிக் குற்றம். பெரிய மூட்டை அரிசியைச் சிறு பைகளாகப் பிரிக்க ஆசைப்படுவீர்கள். அங்கீகரித்த இடம், கையுறை, லாட் எண்ணும் ஒவ்வாமை விவரமும் உள்ள சீட்டு இவை இல்லாமல் பிரிக்காதீர்கள்.

அறிவித்த சரக்கு கடைசி நேரத்தில் வராமல் போகும் நாளும் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமான பீன்ஸும் அரிசியும் கடலை வெண்ணெயும் கடை விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும் என்ற தொகை, அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, காசோலையில் கையெழுத்திடும் இருவர் யார், அவர்களுடைய தொலைபேசி எண். அந்தத் தாளைச் சரக்கறைக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.